இறங்கி வர ஒரு படி

மூன்று நாளாகக் கமாசீன் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாலைவனத்து மண்ணெல்லாம் கெய்ரோவுக்குக் குடிவந்த மாதிரி வானம் செம்மண் பூசிக் கிடந்தது. தார் எஸ் ஸலாம் மெட்ரோ வாசலில் கடை போட்டிருந்த பெண்கள் முக்காட்டை மூக்குவரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். நபவிய்யா மட்டும் கட்டவில்லை. மூக்கை மூடினால் அவளுக்குக் கை ஓடாது.

அவள் விற்றது காய் என்று சொல்ல முடியாது. காய்க்குச் செய்யவேண்டிய வேலையைத்தான் விற்றாள். உரித்த பூண்டு, உடைத்த பட்டாணி, பொடிப்பொடியாய் அரிந்த மொலோகியாக் கீரை, உள்ளே குடைந்து எடுத்த, சின்னச் சுரைக்காய் மாதிரியான கூசாக்காய். அலுவலகம் முடிந்து ரயிலேறப் போகிற பெண்கள் ஆளுக்கொரு பை வாங்கிப் போவார்கள். வீட்டில் போய் அரிசியைத் திணித்து அடுப்பில் ஏற்றினால் முடிந்தது.

"பகல் பூரா நின்னு சமைச்சேன்னு புருஷங்கிட்ட கண்ணைக் கசக்குவாளுக. குடைஞ்ச கை இங்க கிடக்கு," என்பாள் பக்கத்தில் புதினாவும் வோக்கோசும் விற்கும் ஸகிய்யா.

கூசாக்காய் குடைவது லேசான வேலை இல்லை. இரண்டு விரல் தடிமன் காய். நீளக் கத்தியை உள்ளே விட்டுத் திருகும்போது சுவர் கிழியக்கூடாது, அடி துளைபடக்கூடாது. துளைபட்டால் சோறு வெளியே வந்துவிடும். நபவிய்யா கண்ணால் பார்த்துக் குடைகிறவள் இல்லை. காது கொடுத்துக் குடைவாள். கத்தி அடியை நெருங்கும்போது சத்தம் கொஞ்சம் மாறும். அந்த இடத்தில் நிறுத்திவிடுவாள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மெட்ரோ வாசலில் டுக்டுக் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மஹ்ரகான் பாட்டு அலறியது. தெருக் கல்யாணங்களில் போடுகிற, கம்ப்யூட்டரில் செய்த பாட்டு. அவள் மகன் பக்ரியும் அதைத்தான் செய்கிறான் என்பதால் அந்தச் சத்தம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. ஒரு பச்சை டுக்டுக் வந்து நின்றது. தகரத்தை இரும்புக் கம்பியால் அடிக்கிற மாதிரி ஒரு தாளம். அதன் நடுவே ஒரு பெண் குரல்.

"ஏழு மாடிக்குக் கல்லு சுமந்தவனே... இறங்கி வர ஒரு படி இல்லையா உனக்கு..."

யாரோ தெற்கத்திக்காரி அழுகிறாள், ஸோஹாக் பக்கம் போலிருக்கிறது என்று நினைத்தாள் நபவிய்யா. பாவம் என்றும் நினைத்தாள். அதற்குள் தாளம் அந்தக் குரலைப் பிடித்துத் துண்டு போட்டது. "ஒரு படி. ஒரு படி. ஒரு ஒரு ஒரு படி." டுக்டுக்கில் சாய்ந்து நின்ற இரண்டு இளவட்டங்கள் முழங்காலைத் தூக்கி, படி இறங்குகிறவர்கள் மாதிரி பாதத்தைத் தரையில் வைத்து ஆடினார்கள். ஒருவன் வாயில் சிகரெட் இருந்தது.

கத்தி கூசாக்காயின் அடியைத் துளைத்து அவள் உள்ளங்கையில் முட்டி நின்றது.

"ஏ, உம்மு பக்ரி," என்று பக்ரியின் அம்மாவைக் கூப்பிட்டாள் ஸகிய்யா மெதுவாக. "அது உன் குரல்லா?"

நபவிய்யா கத்தியை உருவி எடுத்தாள். துளைபட்ட காயைக் கழிவுக் கூடையில் போட்டாள். அடுத்த காயை எடுத்தாள். அதன் அடியும் துளைபட்டது.

*

அவள் புருஷன் ஹரீதி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. புதுக்கெய்ரோவில் கட்டுகிற கட்டடம் ஒன்றில் செங்கல் சுமந்தான். ஐம்பத்தொரு வயது. லிஃப்ட் வரப்போகிற குழிக்குக் குறுக்கே போட்டிருந்த பலகை நழுவியது. மத்தியானம் தகவல் வந்தது, அந்திக்கு முன் அடக்கம் முடிந்தது. அன்றைக்கு இஸ்பத் கைரல்லாவின் மலைச்சரிவில் இருந்த அவர்கள் சந்து முழுக்கப் பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நபவிய்யா அழுதாள். அழுதாள் என்பதுதான் அவளுக்கு நினைவு. என்ன சொல்லி அழுதாள் என்பது நினைவில்லை. தலையில் மண்ணை அள்ளிப் போட்டதும், யாரோ கையைப் பிடித்ததும், தொண்டை கிழிந்து ஒரு வாரம் பேச்சு வராமல் போனதும் தெரியும். சொன்ன சொல் எதுவும் அவளிடம் தங்கவில்லை.

அந்தச் சொல்லை முதல் தடவையாக அவள் கேட்டது செவ்வாய்க்கிழமை மெட்ரோ வாசலில்தான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஸப்ரீனைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண். ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள். அடுப்பில் ஃபூல் பயறு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"என்னதும்மா?"

"என்னதுன்னு என்கிட்டயே கேளு."

ஸப்ரீன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பத்து நாளா எங்க பஸ்ஸுலயும் போடுதாங்க. நான் காதுல பஞ்சு வச்சிக்கிட்டுப் போறேன்."

"உங்க அண்ணங்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். 'அம்மாகிட்ட நானே சொல்லுதேன், நீ வாயைத் திறக்காத'ன்னான். அவன் எங்க சொன்னான்?"

பக்ரிக்கு இருபத்தேழு வயது. அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறையில் வேலை. கை விரல்களில் எப்போதும் கீறல். மொட்டை மாடியில் தகரம் போட்ட ஓர் அறையில், யாரோ தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு எட்டு வருடமாகப் பாட்டு செய்துகொண்டிருந்தான். அலுமினியத்தை அறுக்கிற சத்தம், மலையடியில் ரிங் ரோட்டில் லாரி பிரேக் பிடிக்கிற சத்தம், கேஸ் சிலிண்டர்காரன் ஸ்பானரால் தட்டுகிற சத்தம் எல்லாவற்றையும் ஃபோனில் பிடித்துக்கொண்டு வருவான். நல்ல கைக்காரன் என்றுதான் சந்துப் பையன்கள் சொல்வார்கள். ஆனால் சந்துக்கு வெளியே அவன் பேர் போகவில்லை.

போக வைக்க அவன் செய்யாதது இல்லை. மெமரி ஸ்டிக்கில் பாட்டை ஏற்றி டுக்டுக்காரர்களுக்குச் சும்மா கொடுத்தான். அவர்கள் அதை அழித்து வேறு பாட்டை ஏற்றிக்கொண்டார்கள். கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் தூக்கப் போனான். எல்லாரும் சாப்பிடப் போகிற பத்து நிமிஷத்தில் தன் பாட்டைப் போட விடுவார்கள் என்று. காலி நாற்காலிகள்தான் அதைக் கேட்டன. ஒவ்வொரு பேட்டையின் பேரையும் சொல்லி வணக்கம் வைத்துப் பாட்டு செய்தான். தன் பேட்டைப் பேர் வந்தால் நாலு பேருக்கு அனுப்புவார்கள் அல்லவா. கேட்டவர்கள், எங்கள் தெருப் பேர் ஏன் வரவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். பேர் தெரிந்த பாடகர்கள் எல்லாருக்கும் பாட்டை அனுப்பினான். ஒரே ஒருவன் பதிலுக்குக் கட்டை விரல் படம் ஒன்று அனுப்பினான். அந்தக் கட்டை விரலை ஒரு மாதம் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தான் பக்ரி. "மத்த நாலு விரலையும் எப்ப அனுப்புவானாம்?" என்று ஹரீதி கேட்டு வீடே சிரித்தது.

*

அன்று சாயங்காலம் பக்ரி படியேறி வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான். தலைமுடியில் அலுமினியத் தூள் மினுங்கியது. கையில் ஒரு பொட்டலம் பஸ்பூஸா இனிப்பு.

"யம்மா, ஒரு சேதி."

"கேட்டுட்டேன்."

அவன் சிரிப்பு நின்றது. பொட்டலத்தை மேசையில் வைத்தான். தங்கையைப் பார்த்தான்.

"நான் சொல்லல," என்றாள் ஸப்ரீன். "அம்மா கடை முன்னாலயே டுக்டுக் வந்து பாடிட்டுப் போச்சு."

பக்ரி அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தான். நபவிய்யா நாளைக்கான பூண்டை உரித்துக்கொண்டிருந்தாள். தோல் அவள் மடியில் குவிந்திருந்தது.

"அன்னிக்கு நீ ஃபோனைப் பிடிச்சிக்கிட்டா நின்ன?" என்று கேட்டாள்.

"பிடிக்கணும்னு பிடிக்கலம்மா. ஆம்பளைங்க எல்லாம் வெளிய நிக்காங்க. நான் வாசல்ல நிக்கேன். கையை எங்க வைக்கிறதுன்னு தெரியல. ஃபோன் கையில இருந்துச்சு. அமுக்கிட்டேன்."

"அமுக்கினது சரி. தாளம் போட்டது?"

அவன் விரலில் இருந்த கீறலைத் தடவினான்.

"சொல்லுலே. தாளம் போட்டது எதுக்கு?"

"ஆறு மாசம் அதைத் தொடவே இல்லம்மா. அப்புறம் ஒரு நாள் கேட்டேன். கேட்டதும் உடம்பு சிலிர்த்துப் போச்சு. எட்டு வருஷமா நான் என்னென்னமோ சத்தத்தைப் பிடிச்சிருக்கேன். இந்த மாதிரி ஒண்ணு என்கிட்ட இருந்ததே இல்ல. அழுகைதான். ஆனா அதுக்குள்ள தாளம் ஏற்கெனவே இருந்துச்சும்மா. நீ நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுத. நான் அந்த அடி மேலதான் அடிச்சேன். நானா ஒண்ணும் சேர்க்கல."

"நெஞ்சுல அடிச்சது எனக்கு வலிச்சதுலே. ஆடுறதுக்கு அடிக்கல."

"தெரியும்மா."

"தெரிஞ்சா போட்டிருக்க மாட்ட."

அவள் அடுத்த பூண்டை எடுத்தாள். பிறகு பக்ரி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "நான் செஞ்ச நூறு பாட்டுக்கு ஒரு நாய் திரும்பிப் பார்க்கல. இதைப் போட்ட மூணாம் நாளே ஷுப்ராவுல போடுதான், இம்பாபாவுல போடுதான், அலெக்ஸாண்ட்ரியாவுல ஒருத்தன் ஆடிப் படம் பிடிச்சு அனுப்புதான். ஒரு பெரிய பாடகரோட மேனேஜர் இன்னிக்கு எனக்கு ஃபோன் போட்டான்மா. பட்டறையில மெஷினை நிறுத்திட்டு எல்லாரும் சுத்தி நின்னு கேட்டாங்க. அவர் இந்தப் பாட்டைப் பாடணுமாம். பக்ரின்னு என் பேரையும் போடுவானாம்."

"அழிச்சிடு."

"யம்மா."

"அழிச்சிடுன்னு சொல்லுதேன்."

"எங்கேருந்து அழிக்க? நான் போட்ட இடத்துல அழிக்கலாம். ஆயிரம் டுக்டுக்குல இருக்கே, அதை யார் வீட்ல போய் அழிக்க?"

நபவிய்யா பூண்டுக் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கேட்கவேண்டியது இன்னொன்று இருந்தது. வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு மலையேறி வந்திருந்தாள்.

"நான் அவர் பேரைச் சொல்லி அழலியா?"

"அழுதியேம்மா. ஒவ்வொரு அடிக்கும் ஹரீதி, ஹரீதின்னுதான் அழுத."

"பாட்டுல எங்க?"

"வெட்டிட்டேன்," என்றான் பக்ரி. "அப்பா பேரை வச்சி ஆடக்கூடாதுன்னு அதை மட்டும் வெட்டிட்டேன்."

நபவிய்யா மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டாள்.

"அப்ப நான் யாருக்கு அழுதேன்?" என்று கேட்டாள்.

பஸ்பூஸாப் பொட்டலத்தை அன்றைக்கு யாரும் பிரிக்கவில்லை. மறுநாள் காலை எறும்பு மொய்த்திருந்தது.

*

சந்தையில் சேதி பரவியது. பூண்டு வாங்க வந்த பெண்கள் பையை வாங்கிய பிறகும் நின்றார்கள். "நீங்கதானா அது?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி ஃபோனை நீட்டி, "ஒரு தடவை பாடுங்களேன், என் தங்கச்சி நம்ப மாட்டா," என்றாள். நபவிய்யா கீரையை அரிந்துகொண்டே இருந்தாள். பிறை மாதிரி வளைந்த அரிவாளின் இரண்டு பிடியையும் பிடித்துக்கொண்டு அப்படியும் இப்படியும் ஆட்டி அரிகிற வேலை அது. கை நின்றால்தானே வாய் பதில் சொல்ல வேண்டும். ஸகிய்யாதான் அவர்களைத் துரத்தினாள்: "கீரை வேணும்னா வாங்குங்க. அழுகை வேணும்னா வீட்டுக்குப் போய் புருஷன் மூஞ்சியைப் பாருங்க, தானா வரும்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கொழுந்தன் அப்துல் நயீம் வந்தான். ஹரீதியின் தம்பி. மஆதியில் ஒரு பெரிய கட்டடத்துக்குக் காவல்காரன். நீலக் கலபியா அங்கியைத் தேய்த்துப் போட்டிருந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஸப்ரீன் கொண்டுவந்த தேநீரைத் தொடவில்லை.

"மதினி, ஊர்லேருந்து நாலு பேர் ஃபோன் போட்டுட்டாங்க. நம்ம வீட்டுப் பொம்பள குரலைக் கேட்டு நாடு பூரா ஆம்பளப் பயலுக ஆடுதானுகளாமே. எங்கண்ணன் மண்ணுக்குள்ள போயி வருஷம் திரும்பல. எங்க அந்தப் பய?"

பக்ரி மாடியிலிருந்து இறங்கி வந்து நின்றான்.

"உனக்கு மானம்னு ஒண்ணு இருக்காலே?"

"சித்தப்பா, நான்..."

"உன் கம்ப்யூட்டரைக் கொண்டா. இந்தச் சரிவுலேருந்து நானே தள்ளிவிடுதேன். பெத்தவ ஒப்பாரியைத் திருடி வித்த பயல எங்க வம்சத்துல இன்னிக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல."

அவன் மாடிப்படியில் கால் வைத்தான். பக்ரி தடுக்கவில்லை. சுவரோடு ஒதுங்கி வழிவிட்டான். தள்ளிவிடட்டும் என்று அவனுக்கே தோன்றிவிட்ட மாதிரி இருந்தது அந்த ஒதுங்கல். மூன்று நாளாக மகனோடு பேசாதிருந்த நபவிய்யாவுக்கு அதைப் பார்த்ததும் என்னவோ செய்தது.

"நான்தான் கொடுத்தேன்," என்றாள்.

அப்துல் நயீம் திரும்பினான். "என்ன கொடுத்தீங்க?"

"குரலை. அவன் திருடல. என்னைக் கேட்டான், போட்டுக்கோன்னு நான்தான் கொடுத்தேன்."

"மதினி, பிள்ளையைக் காப்பாத்தப் பொய் சொல்லாதீங்க."

"அழுதது யாரு? நானு. தொண்டை கிழிஞ்சது யாருக்கு? எனக்கு. கொடுக்கிறதும் கொடுக்காததும் என் இஷ்டம். நீங்க மானத்தைப் பேசுதீங்களே, அன்னிக்கு எத்தனை மணிக்கு வந்தீங்க? முதலாளி விடலன்னு குளிப்பாட்டி முடிச்ச பிறகு வந்தீங்க. நான் அழுதது உங்களுக்கு நேர்ல கேட்கல. டுக்டுக்குலதான் கேட்டிருக்கு. கேட்டுட்டுப் போங்க."

அப்துல் நயீமின் முகம் கறுத்தது. காலைப் படியிலிருந்து எடுத்தான். "இனி உங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். ஸப்ரீன் ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அழுதாள்.

பக்ரி அம்மாவின் கையை எடுத்து முத்தமிடப் போனான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"சரின்னு சொன்னேன்னு நினைச்சிக்கிடாத. வாசல்ல நின்னு ஒருத்தன் உன்னை ஏசுறதைப் பார்க்க முடியல. அவ்வளவுதான்."

ஆனால் பக்ரி அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டான். அல்லது அப்படி எடுத்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தான். அன்று சாயங்காலமே மேனேஜருக்குப் பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, தாளம் தனி, குரல் தனி, எல்லாவற்றையும் அனுப்பிவைத்தான். ஒப்பந்தம் என்று எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று போய்விடுவார்களோ என்ற பயம்.

*

மூன்று வாரத்தில் பெரிய பாடகரின் பாட்டு வந்தது. நீச்சல் குளம், வெள்ளைக் கார், இருபது பெண்கள், எல்லாரும் ஒரு படி இறங்குகிற ஆட்டம். தாளம் பக்ரியினுடையது, ஓர் அடிகூட மாறவில்லை. ஆனால் அழுகிற குரல் வேறு. யாரோ சம்பளத்துக்குப் பாடுகிற பெண். மூச்சு சரியான இடத்தில் வாங்கி, தெற்கத்திப் பேச்சைக் கொஞ்சம் இழுத்து, அழகாக அழுதிருந்தாள். இசை என்ற இடத்தில் வேறு ஒருத்தன் பேர் இருந்தது.

"உன்னைவிட அவ நல்லா அழுதா, உம்மு பக்ரி," என்றாள் ஸகிய்யா சந்தையில். சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். நபவிய்யா சிரிக்காததைப் பார்த்துவிட்டு, ஒரு கட்டுப் புதினாவை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. தேநீர்ல போடு."

நாலு நாள் கழித்து பக்ரி போட்டிருந்த பழைய பாட்டும் காணாமல் போனது. பாடகரின் பாட்டைக் காப்பியடித்தது என்று யாரோ புகார் கொடுத்து எடுத்துவிட்டார்கள்.

பக்ரி பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு முஹந்திஸீனில் இருந்த மேனேஜரின் ஆபீசுக்குப் போனான். இருட்டும் முன்பே திரும்பி வந்துவிட்டான். நபவிய்யா அவனுக்கு ஃபூலும் எலுமிச்சை பிழிந்த கத்தரிக்காய் ஊறுகாயும் ரொட்டியும் வைத்தாள். அவன் ரொட்டியைப் பிய்த்து வைத்துக்கொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

"பார்த்தியா ஆளை?"

"கேட்டைத் தாண்டலம்மா."

"ஏன்?"

"வாட்ச்மேன்கிட்ட, 'அந்தப் படிப் பாட்டு என்னோடது'ன்னு சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, 'இன்னிக்கு நீ நாலாவது ஆளு'ன்னான்."

ஸப்ரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். பக்ரியும் லேசாகச் சிரித்தான்.

"மத்த மூணு பேரும் பொய் சொன்னாங்களா, இல்ல அவங்க பாட்டையும் சேர்த்து எடுத்துட்டானுகளான்னு தெரியல," என்றான்.

அதற்குப் பிறகு அவன் மாடி அறைக்குப் போகவில்லை. காலையில் பட்டறை, சாயங்காலம் வீடு, முகத்தைக் கழுவிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுக்கை. மாடியில் சத்தம் இல்லை. ஹரீதி இருந்த காலத்தில், சத்தத்தைக் குறை என்று தினமும் துடைப்பத்தால் கூரையைத் தட்டுவாள் நபவிய்யா. இப்போது கீரை அரியும்போது கூரையை அண்ணாந்து பார்த்தாள். கோபம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் எட்டு வருடம் ஓடிய ஒன்று தன் வீட்டில் நின்றுபோனது அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் காலை ஸப்ரீனிடம் கேட்டாள்: "அவன் டுக்டுக்காரனுக்குக் கொடுப்பானே, அந்தக் குச்சி, மிச்சம் இருக்கா?"

"மெமரி ஸ்டிக்கா? ஒரு டப்பா நிறைய இருக்கு. எதுக்கும்மா?"

"எடுத்தா. என் குரல் இல்லாத பாட்டா பார்த்து எடுத்தா."

அன்றைக்கு மெட்ரோ வாசலில் கடையை ஸகிய்யாவிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, நபவிய்யா டுக்டுக் வரிசைக்குப் போனாள். கறுப்புக் கலபியாவின் பையில் பதினோரு குச்சிகள். யாரிடமும் எதையும் சும்மா கேட்டுப் பழக்கமில்லாதவள். முதல் வண்டிக்காரன் நாற்பது வயதுக்காரன், முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இதை உன் வண்டியில போடு. என் மகன் செஞ்சது."

"யாரு உங்க மகன், ஹாஜியா?"

"பக்ரி. இஸ்பத் கைரல்லா."

அவன் துணியைத் தோளில் போட்டான். முகத்தை நன்றாகப் பார்த்தான். "நீங்க அந்தப் படிப் பாட்டுல அழுறவங்கதானே?"

"அது நான்தான்."

"இதுலயும் அழுதிருக்கீங்களா?"

"இல்ல. இது வேற. இதெல்லாம் அவன் தனியா செஞ்சது. நல்லா இருக்கும்."

வண்டிக்காரன் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கெட்டவன் இல்லை. சொல்வதற்குத் தயங்கினான். "ஹாஜியா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு நாளைக்கு நாலு பேரு இந்த மாதிரி கொண்டுவந்து கொடுக்காங்க. எல்லாருக்கும் தாளம் தெரியும். அழுறதுக்குத்தான் ஆள் இல்ல. நீங்க மறுபடி ஒண்ணு அழுது கொடுங்க. இந்த வரிசையில நிக்குற அத்தனை வண்டியிலயும் நானே போட வைக்கிறேன்."

அவள் பதினோரு குச்சியையும் கொடுத்தாள். வாங்கியவர்கள் எல்லாரும் மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் வரை கடையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டாள். எந்த வண்டியிலும் பக்ரியின் பாட்டு ஓடவில்லை.

*

அடுத்த வெள்ளிக்கிழமை பகலில், சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, நபவிய்யா மகனை எழுப்பினாள்.

"ஃபோனை எடு."

"யாருக்குப் பேசணும்?"

"யாருக்கும் இல்ல. அன்னிக்கு அமுக்கினியே, அதை அமுக்கு. நான் அழுது தாரேன்."

பக்ரி எழுந்து உட்கார்ந்தான். "வேண்டாம்மா."

"அமுக்குலே. இந்தத் தடவை நான் தெரிஞ்சே தாரேன். முதல்லயே உன் பேரைப் போட்டு ஊருக்கு அனுப்பு. உங்கப்பா பேரை மட்டும் வெட்டாத. அது ஒண்ணுதான் நான் கேக்குறது."

"யம்மா, இதெல்லாம் அப்படி வராது."

"நான் என்ன நடிக்கவா போறேன்? எனக்கு அழுகை இல்லியா? எட்டு மாசமும் நெஞ்சு நிறைய வச்சிக்கிட்டுத்தானே பூண்டு உரிக்கேன்?"

அவன் வேறு வழியில்லாமல் ஃபோனை மேசையில் வைத்து அமுக்கினான். ஸப்ரீன் வாசல் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள்.

நபவிய்யா கண்ணை மூடிக்கொண்டாள். ஹரீதியை நினைத்தாள். சாயங்காலம் வந்து கால் நீட்டி உட்காரும்போது விரல் இடுக்கில் சிமெண்ட் காய்ந்து வெள்ளையாக இருக்கும். அவள் வெந்நீர் ஊற்ற ஊற்ற அவன் கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வான். அந்தக் காலை நினைத்தாள். நெஞ்சுக்குள் ஏதோ ஏறி வந்தது. வாயைத் திறந்தாள்.

வந்தது டுக்டுக்கில் கேட்ட குரல். அதே இழுப்பு, அதே இடத்தில் மூச்சு. ஹரீதி என்ற பேர் வரவேண்டிய இடத்தில் நாக்கு நின்றது. அங்கே ஓர் இடைவெளி விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனது.

நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் அதேதான். நெஞ்சில் அடித்துப் பார்த்தாள். வலித்தது, ஆனால் வலி சொல்லாக மாறவில்லை. பேரை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குவோம் என்று, "ஹரீதி," என்றாள். சமையலறையிலிருந்து அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலாக அது வந்தது. அதற்குமேல் போகவில்லை. மூன்றாவது தடவை கண்ணைத் திறந்தபோது, மேசைக்கு அடியில் தன் வலது பாதம் தரையைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அதற்கு முன்பே பக்ரி அதைப் பார்த்திருந்தான்.

அவன் ஃபோனை எடுத்து அணைத்தான். கீறல் விழுந்த விரல்களால் அதை மேசையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தான்.

"போதும்மா," என்றான். "விடு."

நபவிய்யா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகம் ஈரமாக இல்லை. ஸப்ரீன் கதவைத் திறந்துவிட்டாள். வெளியே காற்று அடங்கி வெயில் வெள்ளையாக எரிந்தது. ஏற்றத்தில் ஒரு டுக்டுக் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள் ஏதோ ஒரு பாட்டு. இதுவரை கேட்டிராதது. அவசரமில்லாத தாளம்; நடுவில் கதவை யாரோ திறந்து மூடுகிற மாதிரி ஒரு சத்தம், பேச்சே இல்லை. வண்டி வாசலைக் கடந்து சந்து திரும்பிப் போகும்வரை மூன்று பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

"யாரு செஞ்சது?" என்று கேட்டாள் நபவிய்யா.

பக்ரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலம்மா," என்றான். "எவனோ. நல்லா செஞ்சிருக்கான்."